வைஷாலி மறந்த பேச்சு

இந்தக் கப்பைச் சித்த மடியில வெச்சுக்கறீங்களா அம்மிணி? பாத்துப் புடிங்க, ஒரு பக்கத்துக் காது ஆடுது. மேல வெச்சா உருண்டுரும், கீழ வெச்சா ஆராச்சும் மிதிச்சுருவாங்க. ஆமாங்க, பரிசுக் கப்புதான். பேச்சுப் போட்டியில மாவட்டத்துலயே மொதப் பரிசு. இல்லீங்க, எனக்கில்ல. அந்தா, டிரைவருக்குப் பின்னாடி சன்னல் ஓரமா ரெட்டைச் சடை தெரியுது பாருங்க, அவளுக்கு. வைஷாலின்னு பேரு, ஏழாவது படிக்கறா. பக்கத்துல உக்காந்திருக்கறது அவங்கம்மா துளசிமணி. நான் அவளுக்குத் தமிழ் டீச்சர், வசந்தாமணி. நத்தக்காட்டுப்பாளையம் நடுநிலைப்பள்ளி. நாலாவதுக்குக் கதை சொல்லிக் குடுக்கறதும் நாந்தான், எட்டாவதுக்குக் கட்டுரை எழுத வெக்கறதும் நாந்தான்.

வாங்குன கப்பைத் தூக்கிட்டு எங்க போறீங்கன்னுதான பாக்கறீங்க? குடுத்தவங்களே கொண்டாரச் சொல்லிட்டாங்க. திருப்பூருக்குப் புள்ளையும் வரோணுமாம், டீச்சரும் வரோணுமாம், கப்பும் வரோணுமாம். விசாரிக்கறாங்களாம். விசாரிக்கட்டும். நான் என்ன ஆரு ஊட்டுலயாச்சும் திருடிட்டா வந்தேன்? எங்க எச்.எம். ஈஸ்வரமூர்த்தி சார் சொன்னாரு, "எதுக்கு டீச்சர் வம்பு, கப்பைக் குடுத்தனுப்பிப்போட்டு பேசாம இருந்துக்கலாம்"னு. அவரு இருந்துக்கட்டும். பேசாம இருக்கறதுக்கா எனக்குச் சம்பளம் தர்றாங்க?

மொதல்லருந்து சொல்றேன், கேளுங்க. நானு நல்ல தமிழ் விசயத்துல கறாருங்க. வகுப்புக்குள்ள ஊட்டுப் பேச்சு வரப்படாது. செருப்பை எப்படி வெளிய விடறயோ அதையும் வெளிய விட்டுட்டு வான்னுதான் மொத நாளே சொல்லிப்போடுவேன். நானே எங்க போனாலும் சுத்தத் தமிழ்லதான பேசறேன், இப்ப உங்ககிட்டப் பேசல? அப்படித்தான்.

நாலாவதுல ஒரு பையன், பசுவைப் பத்திக் கட்டுரை எழுதுடான்னா "எங்க மாடு ஒதைக்கும்"னு எழுதிட்டு வந்தான். ஒரே வரி. அதை அடிச்சுப்போட்டு, "பசு ஒரு சாதுவான விலங்கு"ன்னு எழுதிக் குடுத்துப் பத்துவாட்டி எழுதச் சொன்னேன். அடுத்த வாரம் முழங்கால்ல கட்டுப் போட்டுட்டு நொண்டிட்டே வந்தான். ஒதைச்சுப் போட்டுதாம். அது வேற விசயம். கட்டுரை கட்டுரை மாதிரி இருந்துதா இல்லியா, சொல்லுங்க. முன்னுரை இருந்துது, முடிவுரை இருந்துது. பரிச்சையில மார்க்கும் வந்துது.

பேச்சுப் போட்டியும் அப்படித்தானுங்க. விதி என்னமோ இருக்குது, புள்ளைக சொந்தமாத்தான் பேசோணும்னு. இருக்கட்டும், விதின்னா அப்படித்தான் போடுவாங்க. ஆனா நடக்கறது என்ன? எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் டீச்சர்தான் எழுதிக் குடுப்போம். புள்ளைக மனப்பாடம் பண்ணும். வானம்னா கை மேல போகோணும், தாய்னா நெஞ்சுல வெக்கோணும், கண்ணீர்னா சித்த நேரம் நிறுத்தித் தொண்டை அடைச்சுக்கோணும். நடுவருங்களும் டீச்சர்களா இருந்தவங்கதான், அவங்களுக்குத் தெரியாதா? போட்டி நடக்கறப்ப நீங்க வந்து பாக்கோணும். மேடையில புள்ளை பேசும். கீழ உக்காந்து டீச்சர் வாயசைப்பாங்க. எங்க எச்.எம். ரூமு பீரோ மேல நிக்கற கப்பெல்லாம் நான் வாயசைச்சு வாங்குனதுங்க. ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்டதில்ல.

இவளை எப்படிப் புடிச்சேன்னு கேளுங்க. கொரலு. அவங்க குடும்பம் தேங்காய்க் களத்துல வேலை செய்யுது. தேங்காயை ஒடைச்சுப் பருப்பைக் காய வெக்கற களம் தெரியுமில்ல? அங்கயே ஒரு ரூமுல குடியிருக்காங்க. களத்துல இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்குக் கத்திக் கத்தி அப்படி ஒரு கொரலு. ஆனா வாயைத் தொறந்தா பூராவும் களத்துப் பேச்சு. நான் விட்டனா? சாங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிள் ஸ்டாண்டுல நிறுத்துவேன். எல்லாரும் போன பொறவு நாலு சைக்கிள் நிக்கும். அதுதான் உனக்குச் சபை, அதுகளப் பாத்துப் பேசும்பேன். பேசுவா. ஒரு நாளும் எதுத்து ஒரு கேள்வி கேட்டதில்ல. அத்தனை நல்ல புள்ளை.

இந்த வருசம் தலைப்பு மழை. நான் எழுதுனது கேளுங்க. "விண்ணின்று வீழும் வெள்ளி நூலே! மண்மகள் மடிதேடி ஓடிவரும் மழைமகளே!" எப்படி இருக்குது? அப்படியே போகுமுங்க மூணு பக்கம். எழுதி முடிச்ச அன்னிக்கு எனக்கே ரெண்டுவாட்டி படிச்சுப் பாக்கோணும்போல இருந்துது. அவ தண்ணி பட்ட பாடாச் சொன்னா. சைக்கிள் ஸ்டாண்டுல ஒரு எழுத்துப் பெசகலை.

போட்டி அன்னிக்கு மேடை ஏறுனா. வணக்கம் சொன்னா. "விண்ணின்று வீழும் வெள்ளி நூலே"ன்னா. கை போச்சு, சரியான ஒசரத்துல. நானும் வாயசைக்கறேன். "மண்மகள்"னா. நின்னுட்டா.

நான் "மடிதேடி, மடிதேடி"ங்கறேன். அவ என்னையத்தான் பாக்கறா. பாக்கறா, ஆனா காணலை, அப்படி ஒரு பார்வை. அவளுக்கு அதுல எத்தனை இருக்குதுன்னு எனக்குத்தான் தெரியும். மாநிலப் போட்டியில ஜெயிச்சா பன்னெண்டாவது முடிய விடுதியில வெச்சுப் படிப்பைப் போட்டி நடத்தற அறக்கட்டளைக்காரங்களே பாத்துக்குவாங்க. இல்லீன்னா எட்டாவது முடிச்சதும் களந்தான். துளசிமணி என்ன பண்ணுவா, ஒருத்தி கையால ரெண்டு புள்ளைகளக் காப்பாத்தோணும். போச்சு, எல்லாம் போச்சுன்னு நான் உக்காந்திருக்கறேன், அப்ப இவ ஆரம்பிக்கறா பாருங்க. கையைக் கீழ போட்டுட்டா. அவங்க ஊட்டு வாசல்ல நின்னு பேசற மாதிரி ஆரம்பிச்சுட்டா. கேளுங்க, அப்படியே சொல்றேன்.

"மழைன்னா எங்கம்மாவுக்கு ஆகாதுங்க. மானம் கருத்துதுன்னா எங்கம்மா வையும். பருப்பு நனைஞ்சா பூசணம் புடிச்சுக்கும்ங்க, அதனால எல்லாரும் கூட்டுமாறு எடுத்துட்டு ஓடுவாங்க. தம்பி தூளியில அழுவான். ஆரும் போயி எடுக்கறதில்ல. மொதல்ல பருப்பு, அப்பறந்தான் தம்பி. தார்ப்பாயில ஒரு மூலை எனக்குங்க. காத்தடிச்சா பாயி என்னையச் சேத்தித் தூக்கும், நான் விட மாட்டேன். எல்லாம் மூடுன பொறவு, பாயி பறக்காம இருக்க எங்கம்மா அது மேல ஏறி உக்காந்துக்கும். மழை அம்மா மேல பேயும். அப்ப மட்டும் அம்மா சிரிக்கும். ஏம்மா சிரிக்கறேன்னா, பருப்பு தப்பிச்சுது, இனி நனையறதுக்கு நான் மட்டுந்தான பாக்கின்னு சொல்லும். மழை நல்லதுன்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்க. நல்லதாத்தான் இருக்கும்ங்க. சும்மா நின்னு நனையறதுக்கு நேரம் இருந்தா எங்களுக்கும் புடிக்கும்."

இவ்வளவுதான். நன்றி வணக்கங்கூடச் சொல்லலீங்க. எறங்கி வந்துட்டா.

என்னங்க, கண்ணைத் தொடைக்கறீங்க? தூசியா? சன்னலைச் சாத்திக்குங்க. அன்னிக்கும் முன்வரிசையில ஒரு நடுவரம்மா கண்ணாடியக் கழட்டித் தொடைச்சாங்க. எதுக்குன்னு எனக்கு இன்னும் வெளங்கலை. இதுல என்ன இருக்குது? எதுகை உண்டா, மோனை உண்டா? பெத்தவளை அது இதுன்னு ஒரு மேடையில பேசறதா? பூசணம்ங்கறா, கூட்டுமாறுங்கறா. மறந்து போயி ஒளறுனதுக்கு மொதப் பரிசுன்னு அறிவிக்கறாங்க! கைதட்டறாங்க! நான் எந்திரிச்சு நின்னேன், கால் அதுவா நின்னுது. பஸ்சுல வர்றப்ப அவகிட்ட ஒரு வார்த்தை பேசலை. என்ன பேசறது? மூணு பக்கம், அம்மிணி. மூணு பக்கத்தையும் ஒரு நிமிசத்துல தூக்கி எறிஞ்சுட்டா.

ஊருக்குள்ள என்ன ஆச்சுன்னா, போட்டிக்கு வந்திருந்தவங்க வாயால பேச்சு பரவி, எல்லாரும் என்னையப் புடிச்சுட்டாங்க. "டீச்சர், என்னமா எழுதிக் குடுத்திருக்கறீங்க, எங்களையெல்லாம் அழ வெச்சுப்போட்டீங்க"ன்னு பால் சொசைட்டிக்காரர் கையெடுத்துக் கும்புடறாரு. இத்தனை வருசமா விண்ணு மண்ணுன்னு எழுதுனனே, அப்பெல்லாம் ஒருத்தன் வாயைத் தொறந்தானா? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, நான் எழுதலைன்னும் சொல்லலை, எழுதுனேன்னும் சொல்லலை. பால் வாங்கிட்டு வந்துட்டேன்.

பொறவுதான் அந்த ரெண்டாம் பரிசுப் பள்ளிக்கூடம் கெளம்புச்சு. பேரு வேண்டாம், பெரிய எடம், பஸ்சு மட்டும் ஏழெட்டு ஓடுது. அவங்க தமிழ் டீச்சர் அறக்கட்டளைக்காரங்ககிட்டப் போயி என்ன சொன்னாங்க தெரியுங்களா? களத்துல கெடக்கற புள்ளைக்கு இப்படிப் பேச எங்கிருந்து வரும், அது பூராவும் வசந்தாமணி எழுதுனது, மறந்த மாதிரி நடிக்கறதுக்கும் பழக்கி வுட்டிருக்கறாங்க, சொந்தமாப் பேசலை, அதனால பரிசு செல்லாதுன்னு.

கேட்டதும் எனக்குச் சோறு எறங்கலீங்க. இத்தனை வருசம் எழுதிக் குடுத்தேன், ஒருத்தரும் கேக்கலை. எழுதிக் குடுக்காத ஒரே ஒரு பேச்சுக்கு விசாரணை! அதுவும் எப்படி, அந்தத் தமிழை நான் எழுதுனேன்னு. பாயி, பூசணம், கூட்டுமாறு. என்ற பேரைக் கெடுக்க இதைவிட ஒண்ணு வேணுமா? அது போகட்டும். என்ற புள்ளைக்குப் பேச வராதுன்னு சொல்ல அவங்க ஆருங்க? வராதுன்னா அதை நான் சொல்லோணும். அவளை வெச்சுச் சைக்கிள் ஸ்டாண்டுல கத்திக் கெடந்தவ நானு. அவங்க அவளை ஒரு நாள் பாத்திருப்பாங்களா? களத்துப் புள்ளைன்னா என்ன, வாயில நாக்கு இல்லியா?

அதான் கெளம்பிட்டேன். துளசிமணி வர மாட்டேன்னா. "கப்பு போனாப் போகுதுங்க டீச்சர், பெரிய எடத்தோட எதுக்கு"ன்னா. நான் வெச்சேன் பாருங்க ஒரு சத்தம். பெரிய எடம்னா அவங்க காம்பவுண்டுக்குள்ள பெரிய எடம், நீ சீலை மாத்திட்டு வாடின்னு இழுத்துட்டு வந்தேன். அவளுக்கு இன்னிக்கு வேலை கெட்டுது, கெடட்டும்.

இன்னிக்கு என்ன பண்ணுவாங்கன்னா, அவங்க முன்னாடி இவ மறுக்கா ஒருவாட்டி பேசோணும். சொந்தப் பேச்சா, எழுதிக் குடுத்த பேச்சான்னு கேட்டுப் பாத்து முடிவு சொல்லுவாங்களாம். பேசட்டும், எனக்கென்ன பயம்? சும்மாவா கூட்டிட்டுப் போறேன், நல்லாத் தயார் பண்ணித்தான் கூட்டிட்டுப் போறேன். அந்தப் பேச்சை அப்படியேவா சபையில வுடறது? சேதி அவளுதுதான், ஒண்ணும் மாத்தலை. தமிழை மட்டும் சீர் பண்ணியிருக்கறேன். "கார்முகில் சூழும் வேளையிலே கலங்கிடுவாள் என் அன்னை"ன்னு ஆரம்பிக்கும். தூளியத் தொட்டில் ஆக்கிட்டேன். தார்ப்பாய்னு ஒரு சபையில சொல்ல முடியுமா, அதை நீர்புகாப் படாம்னு போட்டேன். "படாம்னா என்னங்க டீச்சர்?"ன்னா. தார்ப்பாய்தான்னேன். "அப்பறம் ஏனுங்க தார்ப்பாய்னு சொல்லப்படாது?"ங்கறா. எதுத்துக் கேள்வியே கேக்காத புள்ளைங்க இது! ஒரு கப்பு வாங்குனதும் பாருங்க. பேசாம மனப்பாடம் பண்ணுன்னு சொல்லிப்போட்டேன்.

அதுலயும் பாருங்க, மூணு பக்கம் தண்ணி பட்ட பாடாச் சொன்ன புள்ளைக்கு இது ஏறலை. அவ கதைதான், அவங்கம்மாதான், அவ தம்பிதான். ஒவ்வொரு வரியிலயும் முட்டிட்டு நிக்கறா. சைக்கிள் ஸ்டாண்டுல இருட்டற வரைக்கும் நிறுத்தி, விட்டனா? நேத்துதான் ஒரு வழியா முழுசாச் சொல்லி முடிச்சா. இன்னிக்கு அவங்க முன்னாடி எந்திரிச்சு நின்னு, கார்முகில் சூழும்னு கணீர்னு எடுத்தான்னு வைங்க...

என்னங்க? என்ன கேட்டீங்க? ஆரன் சத்தத்துல கேக்கலை, இன்னொருக்காச் சொல்லுங்க.

கார்முகில், படாம்னு அவ அங்க சொன்னா, அதை ஆரு எழுதுனதுன்னு அவங்க நெனப்பாங்கன்னா?

இல்லீங்க, அது வந்து, சேதி அவளுதுதான. சேதியப் பாக்க மாட்டாங்களா?

பாக்க மாட்டாங்க. நானா இருந்தா பாக்க மாட்டேன். கார்முகில்னு ஒரு ஏழாவதுப் புள்ளை வாயைத் தொறந்ததும் டீச்சர் எழுதுனதுன்னு நான் சொல்லிப்போடுவேன். ஒரே வரி போதும் எனக்கு.

அட, கெடுத்துப்போட்டனே! அந்தப் பெரிய எடத்துக்காரங்க ஒரு வேலையும் செய்ய வேண்டியதில்ல. நானே கூட்டிட்டுப் போயி, நானே நிறுத்தி, நானே நிரூபிச்சுக் குடுக்கறேன். இருங்க, இருங்க, திருப்பூருக்கு இன்னும் நேரம் இருக்குதில்ல? நீங்க அந்தக் கப்பைப் புடிச்சுக்குங்க.

வைஷாலி! ஏ வைஷாலி! இங்க வா கண்ணு. கம்பியப் புடிச்சுட்டு வா. துளசிமணி, நீ உக்காரு, ஒண்ணுமில்ல. அம்மிணி, நீங்க சித்த அக்கட்டால நகருங்க, புள்ளை நடுவுல உக்காரட்டும். உக்காரு. பயப்படாத. நான் சொல்லிக் குடுத்தேனில்ல, கார்முகில், படாம், அதையெல்லாம் மறந்துபோடு. ஆமா, நாந்தான் சொல்றேன். அன்னிக்கு மேடையில பேசுனயில்ல, அதைச் சொல்லு.

கேட்டீங்களா அம்மிணி? "இப்பத்தானுங்க டீச்சர் வந்துச்சு"ங்கறா. நேத்துதான் தட்டாம வந்துச்சாம், மறக்கச் சொன்னா எப்படி மறக்கறதுங்கறா. செரி, அது கெடக்கட்டும் ஒரு பக்கம், நீ பழையதைச் சொல்லு. மழைன்னா எங்கம்மாவுக்கு... ம்? சொல்லு. என்ன, கலங்கிடுவாள்னு வருதா? அய்யய்ய. மானம் கருத்துதுன்னா? சூழும் வேளையிலேன்னு வருதா? அதைத் தவுத்து ஒண்ணும் ஞாபகம் வரலியா?

அழாதே. எதுக்கு அழுகறே? ஆரும் ஒண்ணும் பண்ணிர முடியாது, நான் இருக்கறேன். அன்னிக்கு நீ பேசுனது எனக்குத் தெரியும். ஆமாடி, ஒருவாட்டிதான் கேட்டேன். எப்படித் தெரியும்னா, தெரியும். நான் சொல்றேன், நீ கேட்டுட்டே வா. எங்கயாச்சும் தப்பா இருந்தா நிறுத்து. என்னைய நிறுத்தலாம், ஒண்ணும் ஆகாது.

மழைன்னா எங்கம்மாவுக்கு ஆகாதுங்க. மானம் கருத்துதுன்னா எங்கம்மா வையும். சரியா? பருப்பு நனைஞ்சா பூசணம் புடிச்சுக்கும்ங்க. சரியா? தம்பி தூளியில அழுவான். ம். தார்ப்பாயில ஒரு மூலை எனக்குங்க. எல்லாம் மூடுன பொறவு பாயி பறக்காம இருக்க எங்கம்மா அது மேல ஏறி உக்காந்துக்கும்...

என்ன? உக்காராதா? பின்ன?

படுத்துக்குமா? குப்புறப் படுத்துக்குமா? கையி ரெண்டையும் விரிச்சுட்டு? மழை பேயறப்பவா? ஏ துளசிமணி, இங்க திரும்பு, அப்படியா? சிரிக்கறா பாருங்க, முந்தானைய வாயில வெச்சுட்டு. அப்ப மேடையில எதுக்கு உக்காந்துக்கும்னு சொன்னே?

என்ன சொன்னே? சத்தமாச் சொல்லு. படுத்துக்கும்னு சொன்னா டீச்சர் வைவீங்கன்னா?

நான் வையலை. பொறவு என்ன நடக்கும்? அம்மா படுத்த பொறவு? தம்பிய ஆரு எடுப்பா? செரி, செரி. நீ சொல்லு கண்ணு. நான் குறுக்க பேசலை.